புற்றுநோய்ச் சிகிச்சையில் உள்ள குழந்தைகளுக்கு நிதி திரட்டும் மாணவர் அணியில் சேர்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் கல்லூரியில் படித்தபோது, புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் குழந்தைகளுக்காக நிதி திரட்டும் மாணவர் அணியில் மூன்றாண்டுகள் இருந்தேன். கடைசி ஆண்டில் கணக்குப் பொறுப்பும் என்னிடம் இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் வகுப்புகள் தொடங்கியதும் புதிய மாணவர்களும், அவர்களை அனுப்பத் தயங்கிய பெற்றோரும், பணம் கொடுக்க வந்தவர்களும் திரும்பத் திரும்ப ஒரே ஐயங்களைக் கேட்டார்கள். கேள்விகளை அவர்கள் கேட்ட பேச்சிலேயே வைத்து, நான் சொல்லி வந்த விடைகளைக் கீழே எழுதியிருக்கிறேன். பிற கல்லூரிகளில் இத்தகைய அணியைத் தொடங்க நினைப்பவர்களுக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

இந்த டீம் என்னதான் செய்யுது? ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டுறதா?

பெரும்பாலும் இல்லை. நாங்கள் திரட்டும் பணம், மருத்துவமனையின் சமூகப் பணியாளர்களோடு சேர்ந்து இயங்கும், முறையாகப் பதிவு செய்யப்பட்ட ஓர் அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. அங்கிருந்து அது குடும்பங்களின் பேருந்துக் கட்டணமாகவும், மருத்துவமனைக்கு அருகில் எடுத்த அறையின் வாடகையாகவும், சத்துணவாகவும், வெளியே செய்ய வேண்டியிருக்கும் பரிசோதனைகளின் கட்டணமாகவும் மாறுகிறது. எந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு என்று முடிவு செய்வது மாணவர்கள் அல்லர்; அது எங்கள் வேலையும் அன்று, எங்களுக்கு அதற்கான அறிவும் இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் 19 வயது வரையிலான சுமார் 4,00,000 பேருக்குப் புற்றுநோய் வருகிறது. வசதியான நாடுகளில் அவர்களில் 80 சதவீதத்துக்கும் மேலானோர் குணமடைகின்றனர். வருவாய் குறைந்த பல நாடுகளில் குணமடைவோர் 30 சதவீதத்துக்கும் குறைவு. நோய் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவது, மருந்து கிடைக்காமை ஆகியவற்றோடு, தொடங்கிய சிகிச்சையைக் குடும்பம் பாதியில் நிறுத்திவிடுவதும் இந்த வேறுபாட்டுக்கு ஒரு முக்கியக் காரணம். எங்கள் அணி இருப்பது இந்தக் கடைசிக் காரணத்துக்காகத்தான். கீழே வரும் விதிகளில் பல கடுமையாகத் தோன்றலாம். சிகிச்சை பாதியில் நிற்கக் கூடாது என்ற ஒரே எண்ணத்திலிருந்து வந்தவை அவை.

கவர்ன்மெண்ட் இன்சூரன்ஸ் இருக்கே, அப்புறம் எதுக்குப் பணம்?

நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்கு மேற்படாத குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைக்குக் கட்டணமும் இல்லை. இவை இல்லாவிட்டால் மாணவர்கள் திரட்டும் பணம் கடலில் கரைத்த பெருங்காயம்தான்.

ஆனால் காப்பீடு மருத்துவமனைக்கு உள்ளே நடப்பதற்குத்தான் பணம் தரும். குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் ரத்தப் புற்றுநோயான தீவிர லிம்போபிளாஸ்டிக் வகைக்குச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீடிக்கும். தொடக்க மாதங்களில் தாயும் குழந்தையும் ஏறத்தாழ மருத்துவமனையிலேயே இருக்க வேண்டும்; தந்தை வேலைக்குப் போனால் துணைக்கு ஆள் இல்லை, போகாவிட்டால் கூலி இல்லை; ஊரில் விட்டுவந்த மற்றக் குழந்தை பாட்டியின் பொறுப்பில் பள்ளிக்குப் போகிறதா என்றுகூடத் தெரியாது. கீமோவுக்குப் பிறகு வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அது அவசர நிலை. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வட மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து நள்ளிரவில் கார் பிடித்து வந்த ஒரு தந்தை, அந்த வாடகைக்காகத் தன் கைப்பேசியை அடகு வைத்திருந்தார் என்பதை நாங்கள் மறுவாரம்தான் அறிந்தோம். அதன் பிறகு அவசரப் பயணத்துக்கெனத் தனி நிதி ஒதுக்கும்படி அறக்கட்டளையைக் கேட்டுக்கொண்டோம்.

பணம் தருவதைவிடச் சில சமயம் தகவல் தருவதே பெரிய உதவி. சிகிச்சைக்காகவோ மறுபரிசோதனைக்காகவோ ரயிலில் செல்லும் புற்றுநோயாளிக்குத் தூங்கும் வசதிப் பெட்டியிலும் மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியிலும் கட்டணமே இல்லை. உடன் செல்லும் ஒருவருக்கு 75 சதவீதச் சலுகை உண்டு. இதற்கு ரயில்வேயின் படிவத்தில் மருத்துவமனை சான்றளித்தால் போதும். இது தெரியாமல் மாதக்கணக்கில் முழுக் கட்டணம் கொடுத்துவந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

சின்னக் குழந்தைக்கு எப்படிக் கேன்சர் வரும்? தொத்துமா?

தொற்றாது. பக்கத்தில் உட்கார்ந்தாலோ, ஒரே தட்டில் உண்டாலோ, கட்டிப்பிடித்தாலோ வராது. பெரியவர்களுக்கு வருவதில் பலவற்றைப் போலப் புகையிலை, மது, உணவுப் பழக்கம் என்று காரணம் காட்டவும் முடியாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஏன் வந்தது என்பதற்கு விடையே இல்லை. பரம்பரைக் கூறு காரணமாவது சிறு பங்கினருக்குத்தான். ஆகவே, கர்ப்பமாக இருந்தபோது என்ன சாப்பிட்டாய் என்று தாயைக் குடையும் உறவினரின் பேச்சை மாணவர்களும் அறியாமல் திருப்பிச் சொல்லிவிடக் கூடாது.

நான் ஃபர்ஸ்ட் இயர். எனக்கு எதுவுமே தெரியாது, சேரலாமா?

சேரலாம். முதலாண்டில் சேர்கிறவர்களே அணிக்கு அதிகம் தேவை. கடைசி ஆண்டில் வேலைவாய்ப்பு நேர்காணல்களுக்கு நடுவே வருகிறவர்கள் நான்கு மாதங்களில் போய்விடுகிறார்கள். பேசத் தெரிந்தவர் வகுப்பு வகுப்பாகப் பேசலாம். பேசப் பிடிக்காதவர் ரசீதுகளைச் சரிபார்க்கலாம். சுவரொட்டி வரைபவர், பாடுபவர், உணவுத் திருவிழாவில் அடுப்பைப் பார்த்துக்கொள்பவர், தெலுங்கும் இந்தியும் பேசத் தெரிந்து பிற மாநிலக் குடும்பங்களுக்கு மொழிபெயர்ப்பவர் என்று எல்லோருக்கும் இடமுண்டு.

நாங்கள் கேட்கும் தகுதி ஒன்றுதான்: சொன்ன நேரத்துக்கு வர வேண்டும், வர முடியாவிட்டால் முன்னதாகச் சொல்ல வேண்டும்.

வாரத்துக்கு எவ்வளவு நேரம் போகும்? ஓ.டி. கிடைக்குமா?

சாதாரண வாரங்களில் இரண்டு மூன்று மணி நேரம். செப்டம்பர் குழந்தைப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம். பிப்ரவரி 15 அதற்கான உலக நாள். இந்த இரண்டையும் ஒட்டிய வாரங்களில் இன்னும் கூடும். ஓ.டி. எனப்படும் வருகைப்பதிவுச் சலுகை அந்தந்தக் கல்லூரியின் முடிவு; அதை நம்பிச் சேர வேண்டாம். அரியர் இருந்தால் முதலில் அதை முடித்துவிட்டு வாருங்கள்.

குழந்தைங்களைப் போய்ப் பார்க்கலாமா? பர்த்டே கேக் வெட்டலாமா?

சேர்கிறவர்களில் பெரும்பாலோர் இதை எதிர்பார்த்தே வருகிறார்கள் என்பதால் வெளிப்படையாகச் சொல்கிறேன்: உறுப்பினர்களில் பலர் மூன்றாண்டுகளும் வார்டுக்குள் கால் வைக்காமலே பணியாற்றி முடிப்பார்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் குழந்தைக்கு நம்முடைய சாதாரண ஜலதோஷம் ஆபத்தாகிவிடும். சின்னம்மையும் தட்டம்மையும் உயிருக்கே உலைவைக்கக்கூடும். மருத்துவமனை அழைக்கும் நாளில், அழைக்கும் எண்ணிக்கையில் மட்டுமே போக வேண்டும். தும்மல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு எதுவாவது இருந்தாலோ, அறைத் தோழருக்கு அம்மை போட்டிருந்தாலோ போகக் கூடாது.

பூங்கொத்து, வெளியே வாங்கிய தின்பண்டம், நறுக்கிய பழம், பஞ்சு பொம்மை ஆகியவற்றைக் கொண்டுபோகாதீர்கள். கழுவித் துடைக்கக்கூடிய பிளாஸ்டிக் விளையாட்டுப் பொருள், புதிய வண்ணப் பென்சில், புதிய கதைப்புத்தகம் ஆகியவை பெரும்பாலும் ஏற்கப்படும். அவற்றையும் செவிலியரிடம் காட்டிவிட்டே கொடுக்க வேண்டும். ஒரு முறை வந்து, மறுபடியும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்துவிடாதீர்கள். குழந்தைகள் நாள் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

வீட்டில் விடமாட்டேங்கிறாங்க. மனசு கெட்டுடும்னு அம்மா சொல்றாங்க. என்ன சொல்றது?

அம்மாவின் அச்சத்தில் உண்மை இருக்கிறது. அதை மறுத்துப் பேச வேண்டாம். வார்டுக்குப் போகாமலே பணியாற்றலாம் என்பதை முந்தைய விடையிலிருந்து காட்டுங்கள். வெளியே வசூலுக்குப் போகும்போது எப்போதும் மூவருக்குக் குறையாமல் போகிறோம், இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறோம், பொறுப்பாசிரியர் ஒருவரின் எண் பெற்றோரிடம் இருக்கும் என்பவற்றையும் சொல்லுங்கள். இத்தனைக்குப் பிறகும் வேண்டாம் என்றால் ஓராண்டு பொறுத்திருங்கள். வீட்டுக்குத் தெரியாமல் சேர்ந்த மாணவியின் அப்பா கல்லூரி வாசலில் வந்து நின்ற நாளில் அந்த மாணவி பட்ட துன்பம் வேறு யாருக்கும் வர வேண்டாம்.

முன்பின் தெரியாதவங்ககிட்ட காசு கேட்கக் கூச்சமா இருக்கு.

எனக்கும் முதல் மாதம் முழுவதும் அப்படித்தான் இருந்தது. கூச்சம் போனது, எதற்காகக் கேட்கிறோம் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லப் பழகிய பிறகுதான். "புற்றுநோய்க் குழந்தைகளுக்கு உதவுங்கள்" என்பதைவிட, "கீமோவுக்கு வரும் குழந்தையும் அம்மாவும் தங்கும் அறைக்கு வாடகை திரட்டுகிறோம்" என்பது கேட்பவருக்கும் தெளிவு, சொல்பவருக்கும் தெம்பு. இல்லை என்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். இரண்டாம் முறை கேட்காதீர்கள்.

சென்னையில் இப்படிக் கேட்பதற்கு ஒரு வரலாறே இருக்கிறது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்த நோய்க்கென ஒரு மருத்துவமனை வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் பலரிடமும் கேட்டுக் கேட்டுத்தான், 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு அதைத் தொடங்க முடிந்தது. மறு ஆண்டே அங்கு சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் மறையும் வரை அந்த வளாகத்திலேயே பணியாற்றினார். நாடு முழுவதிலுமிருந்து இன்று குழந்தைகள் வரும் அந்த இடம் பொதுமக்களின் நன்கொடையில் எழுந்தது. உண்டியலோடு நிற்கும்போது எனக்கு அது நினைவுக்கு வரும்.

ஒருத்தர் இவ்வளவு கலெக்ட் பண்ணணும்னு டார்கெட் உண்டா?

கிடையாது. இருக்கவும் கூடாது. இலக்கு வைத்த ஓர் ஆண்டில், எட்டாத மாணவர்கள் தம் விடுதி உணவுப் பணத்தைப் போட்டு ஈடுகட்டியதைக் கணக்கு முடிக்கும்போது கண்டோம். மறு ஆண்டே அதை எடுத்துவிட்டோம். அணி முழுமைக்கும் ஒரு மதிப்பீடு உண்டு. அதுவும் அறக்கட்டளை ஓராண்டுக்கு எத்தனை அறைகளை நடத்துகிறது என்பதை வைத்துப் போடுவது.

மாணவர்களால் பெரிய தொகை திரட்ட முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள் 1973-இல் ஒரு நடன மாரத்தான் நடத்தி இரண்டாயிரம் டாலருக்குச் சற்று அதிகமாகத் திரட்டினர். 1977 முதல் அந்தப் பணம் குழந்தைப் புற்றுநோய்க்கான ஃபோர் டைமண்ட்ஸ் என்ற நிதிக்குப் போகிறது. 14 வயதில் புற்றுநோயால் இறந்த மகன் கிறிஸ்டோபரின் நினைவாகப் பெற்றோர் தொடங்கிய நிதி அது. இன்றும் அங்கே மாணவர்கள் 46 மணி நேரம் உட்காராமல், உறங்காமல் ஆடுகிறார்கள். 2025-இல் திரட்டிய தொகை ஒரு கோடியே 77 லட்சம் டாலரைத் தாண்டியது. ஐம்பதாண்டுகள் ஒவ்வோர் அணியும் அடுத்த அணிக்குக் கணக்கையும் பழக்கத்தையும் ஒப்படைத்துப் போனதால் இது நடந்தது. ஓராண்டில் பெரிதாகச் செய்துவிட்டு அடுத்த ஆண்டு கலைந்துபோகும் அணியால் அறை வாடகையைத் தொடர்ந்து கட்ட இயலாது.

சிக்னல்ல, ட்ரெயின்ல, வெளியூர்ல உண்டியல் எடுத்துட்டுப் போகலாமா?

போக்குவரத்து சிக்னலில் ஒருபோதும் கூடாது. ரயில் நிலையம், வணிக வளாகம், கோயில் வாசல் ஆகியவற்றில் உரியவர்களின் எழுத்துப்பூர்வ அனுமதி இருந்தால் மட்டும் நிற்கலாம். உண்டியல் பூட்டி முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும், கழுத்தில் அடையாள அட்டை இருக்க வேண்டும்.

வெளியூர் வசூல் எங்களிடம் இல்லை. மேலே சொன்ன பென்சில்வேனியா மாணவர்களும் பல்லாண்டுகள் வார இறுதிகளில் வெளியூர்களுக்குக் காரில் போய், டப்பாவோடு நின்று திரட்டி வந்தார்கள். 2015-இல் அப்படி ஒரு பயணத்தில் மாணவி ஒருவர் சாலை விபத்தில் இறந்தார். அதற்குப் பின் அந்த வழக்கத்தையே படிப்படியாகக் கைவிட்டார்கள். ஒரு குழந்தையைக் காப்பாற்றத் திரட்டும் பணத்துக்காக இன்னொரு வீட்டுப் பிள்ளை நள்ளிரவு நெடுஞ்சாலையில் இருக்கத் தேவையில்லை.

என் ஜிபே நம்பருக்கே வாங்கிட்டு, மொத்தமா அனுப்பிடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். அறக்கட்டளையின் பெயர் திரையில் தெரியும் கியூஆர் குறியீட்டில் மட்டுமே பணம் வாங்க வேண்டும். உங்கள் கணக்குக்கு வந்த பணத்தை ஒரு பைசா குறையாமல் நீங்கள் அனுப்பினாலும், அனுப்பியதைக் கொடுத்தவரிடம் மெய்ப்பிக்க உங்களால் முடியாது. நேர்மையானவர் மீதும் சந்தேகம் விழுவதற்கு இதுதான் வழி.

ரொக்கமாக வருவதற்கு வரிசை எண் இட்ட ரசீதுப் புத்தகம். தவறாக எழுதிய ரசீதைக் கிழிக்காமல் குறுக்குக் கோடிட்டு அப்படியே வைக்க வேண்டும். உண்டியலை இருவர் முன்னிலையில், அந்த இருவரும் வசூலுக்குப் போகாதவர்களாக இருக்கும்படி, திறந்து எண்ண வேண்டும்; மறுநாளே வங்கியில் கட்ட வேண்டும். நான் சேர்ந்த ஆண்டில் ஒரு ரசீதுப் புத்தகம் காணாமல் போனது. யாரும் எடுத்திருக்க மாட்டார்கள் என்று எல்லோரும் நம்பினோம், யாரும் எடுக்கவுமில்லை. மூன்று வாரம் கழித்து ஆய்வகத்தின் அலமாரிக்குப் பின்னால் கிடைத்தது. அந்த மூன்று வாரங்களில் இரண்டு நல்ல நண்பர்கள் பேசிக்கொள்வதை நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் பிறகும் பழையபடி பேசவில்லை.

டொனேஷன் கொடுத்தவங்க 80ஜி ரசீது கேட்கிறாங்க. நாம கொடுக்கலாமா?

மாணவர் அணியால் கொடுக்க முடியாது. பதிவு பெற்ற அறக்கட்டளைதான் கொடுக்கும். 80ஜி என்று எல்லோரும் அறிந்த அந்த வரிச்சலுகைக்கு, கொடுப்பவரின் பெயர், முகவரி, பான் எண் ஆகியவற்றை அப்போதே வாங்கி அறக்கட்டளைக்கு அனுப்புங்கள். ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடைக்காது என்பதையும், பழைய வரி முறையில் இருப்பவருக்கே இது பயன்படும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறகு தெரிந்தால் ஏமாற்றியதாக நினைப்பார்கள்.

துபாய்ல இருக்கிற சித்தப்பாவும் அமெரிக்கால இருக்கிற அத்தையும் அனுப்பலாமா?

சித்தப்பாவிடம் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால், அவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. அத்தை அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டிருந்தால் நிலை வேறு. அவரிடம் வெளிநாடுவாழ் இந்தியக் குடியினர் (ஓ.சி.ஐ.) அட்டை இருந்தாலும் சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடையே. 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற அமைப்பு மட்டுமே, புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கெனத் தொடங்கிய கணக்கில் மட்டுமே அதைப் பெறலாம்.

இதைச் சுற்றிக்கொண்டு போக, அத்தை உங்களுக்கு அனுப்புவது, நீங்கள் அறக்கட்டளைக்குக் கொடுப்பது என்ற யோசனை ஆண்டுதோறும் யாராவது ஒருவருக்குத் தோன்றும். செய்யாதீர்கள். மேலே ஜிபே பற்றிச் சொன்ன காரணமே போதும். அதோடு அறக்கட்டளையின் பதிவுக்கே இடர் வரலாம். பதிவு போனால் அறைகளும் போகும்.

பேனர், டீ, ஆட்டோ செலவையெல்லாம் கலெக்‌ஷன்ல இருந்து எடுக்கலாமா?

எடுப்பதில்லை. இத்தகைய செலவுகளைக் கல்லூரியின் மன்ற நிதியிலிருந்தோ, செலவுக்கென்றே சொல்லி முன்னாள் மாணவர்களிடம் வாங்கிய தனிப் பணத்திலிருந்தோ செய்கிறோம். உணவுத் திருவிழா போன்றவற்றில் மாவு, எண்ணெய்க்கான செலவைக் கழித்த பிறகே மீதியை வசூலாகக் காட்டுகிறோம். ஆனால் மொத்த விற்பனை, செலவு, மீதி மூன்றையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம். மீதியை மட்டும் ஒட்டினால் கேள்வி வரும், வர வேண்டும்.

ஒரு குழந்தையோட போட்டோ போட்டா நிறைய பணம் வருமே?

வரும். அதனால்தான் இந்த விதி கடினம். முடி கொட்டி, முகம் வீங்கி, மூக்கில் குழாயோடு இருக்கும் குழந்தையின் படத்துக்குப் பணம் கூடுதலாக வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்தக் குழந்தைகளில் பலர் குணமாகிறார்கள். பதினைந்து ஆண்டுகள் கழித்து அவள் வேலை தேடும்போதோ, அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதோ, அந்தப் படம் யாருடைய கைப்பேசியிலாவது இருக்கும். பெற்றோர் சம்மதித்தார்களே என்பீர்கள். அறை வாடகைக்கு நம்மை நம்பியிருக்கும் தாயால் நம்மிடம் மறுத்துச் சொல்ல முடியுமா?

எங்கள் அணி முகம், பெயர், ஊர், பள்ளி எதையும் வெளியிடுவதில்லை. குழந்தைகள் வரைந்த படங்களை, வரைந்த குழந்தையிடமும் கேட்டு, பெயரில்லாமல் பயன்படுத்துகிறோம். குழந்தைப் புற்றுநோயின் அடையாளமான தங்க நிற ரிப்பனைப் பயன்படுத்துகிறோம். வசூல் சற்றுக் குறையலாம். குறையட்டும்.

என்கிட்ட பணம் இல்ல. ரத்தமோ முடியோ கொடுக்கலாமா?

ரத்தம் கொடுக்கலாம், மிகவும் தேவை. 18 வயது நிறைந்து, 45 கிலோவுக்குக் குறையாத எடையும் போதிய ஹீமோகுளோபினும் இருந்தால், ஆண்கள் மூன்று மாதங்களுக்கு ஒரு முறையும் பெண்கள் நான்கு மாதங்களுக்கு ஒரு முறையும் கொடுக்கலாம். கீமோவின்போது குழந்தைகளுக்கு அடிக்கடி தேவைப்படுவது பிளேட்லெட் எனப்படும் ரத்தத் தட்டணுக்கள். அவற்றை ஐந்து நாட்களுக்கு மேல் சேமித்து வைக்க முடியாது. ஆகவே ஒரே நாளில் முந்நூறு பேர் கொடுக்கும் முகாமைவிட, அழைத்தால் அன்றே வரக்கூடிய முப்பது பேரின் பட்டியல் பெரிது. பொங்கல், தீபாவளி விடுமுறைகளில் விடுதிகள் காலியாகும்போதுதான் தட்டுப்பாடு கடுமையாகும்; சென்னையிலேயே வீடு உள்ளவர்கள் அந்த நாட்களுக்குப் பெயர் கொடுங்கள்.

முடியை விக் செய்யும் அமைப்புகளுக்குக் கொடுக்கலாம், நல்லதுதான். ஆனால் அவை பெரும்பாலும் வயது வந்த பெண்களுக்கே பயன்படுகின்றன. சிறு குழந்தைகள் பலர் விக்கைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பருத்தித் தொப்பியைத்தான் கேட்கிறார்கள்.

எங்க ஊர்ல ஒரு குழந்தைக்கு அவசரமாப் பணம் வேணும். டீம் தருமா?

நேரடியாகத் தராது. முதல் கேள்வியில் சொன்னபடி, முடிவு மருத்துவமனையின் சமூகப் பணியாளரும் அறக்கட்டளையும் எடுப்பது. குடும்பத்தை அவர்களிடம் அன்றே சேர்ப்பது உங்கள் வேலை. பாதி நேரம் குடும்பத்துக்குத் தெரியாத ஏதாவது அரசுத் திட்டத்திலேயே வழி பிறந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் வரும் உதவி வேண்டுகோள்களை அணியின் பெயரில் பகிராதீர்கள். பழைய படத்தை எடுத்து வங்கி எண்ணை மட்டும் மாற்றி உலவ விடுபவர்கள் இருக்கிறார்கள். உண்மையான வேண்டுகோளிலும் சிக்கல் உண்டு: ஒரு குழந்தையின் பெயரில் திரட்டிய பணம் அதன் தேவைக்கு மேல் சேர்ந்தால் அந்த மீதி யாருடையது? பொது நிதி என்று முன்பே சொல்லித் திரட்டினால் இந்தக் கேள்வி எழாது.

ஒரு கம்பெனி ஸ்பான்சர் பண்றேன்னு வருது. யார்கிட்ட வேணும்னாலும் வாங்கலாமா?

புகையிலை, மதுபான நிறுவனங்களிடம் வாங்குவதில்லை. அரசியல் கட்சி, ரசிகர் மன்றம் ஆகியவற்றின் கொடியோ படமோ மேடையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வரும் பணத்தையும் ஏற்பதில்லை. மூலிகை மருந்து, சத்துமாவு விற்பவர்கள் நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்பவர்களாக இருந்தால் அவர்களிடமும் வாங்குவதில்லை. காரணம் அடுத்த விடையில்.

ஒரு குடும்பம் நாட்டு மருந்துக்குப் போறோம்னு சொன்னா என்ன செய்றது?

வாதாடாதீர்கள். அச்சப்படுத்தவும் வேண்டாம். சில வாரக் கீமோவில் காய்ச்சல் அடங்கி, கட்டி கரைந்து, குழந்தை ஓடியாடத் தொடங்கும். அப்போதுதான் "சரியாகிவிட்டதே, இனி ஏன் இந்த விஷ மருந்து" என்ற எண்ணம் வரும். கண்ணுக்குத் தெரியாமல் எஞ்சியிருக்கும் நோய்க்காகத்தான் அடுத்த இரண்டாண்டு மருந்து என்பதை மருத்துவரே விளக்க வேண்டும். குடும்பம் சொன்னதை அன்றே சமூகப் பணியாளரிடம் தெரிவிப்பதுதான் மாணவர் செய்ய வேண்டியது. பெரும்பாலும் நாட்டு மருந்து என்ற சொல்லுக்குப் பின்னால் தீர்ந்துபோன கைப்பணமும், அறுவடைக்கு ஆளில்லாத நிலமும், ஊரில் அழும் இன்னொரு குழந்தையும் இருப்பதைக் கண்டிருக்கிறேன். அவற்றைக் கேட்டறிந்தால் ஏதாவது செய்ய இயலும்.

எனக்கே சின்ன வயசுல வந்து சரியாச்சு. டீம்ல சொல்லணுமா?

சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. சொன்னாலும் மேடையில் பேசும்படி யாரும் கேட்கக் கூடாது; யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. வார்டுக்குப் போவது பழைய நினைவுகளைக் கிளறலாம் என்பதால், போவதற்கு முன் உங்களுக்கு நெருக்கமான ஒருவரிடம் மட்டும் சொல்லி வையுங்கள். எங்கள் அணியில் அப்படி ஒருவர் இருந்தார். இரண்டு ஆண்டுகள் ரசீதுகளை மட்டும் பார்த்துக்கொண்டார். மூன்றாம் ஆண்டு தாமாகவே ஒரு தாயிடம் போய்த் தம் தோளுக்குக் கீழே இருந்த பழைய தழும்பைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் எல்லோருடைய பேச்சையும்விட அந்தத் தாய்க்கு அது பயன்பட்டது.

நாம உதவி செஞ்ச குழந்தை இறந்துட்டா?

இறப்பு நேரும். சிகிச்சை முழுமையாக நடந்தும் சில குழந்தைகள் பிழைப்பதில்லை. அந்தச் செய்தி பருவத் தேர்வுக்கு முந்தின இரவிலும் வரலாம். அந்தக் குழந்தையை அறிந்தவர்களுக்கு நேரிலோ தொலைபேசியிலோ சொல்லுங்கள். குழுவில் செய்தியாகப் போடாதீர்கள். அரசு மருத்துவமனைகளில் இறப்பவரை ஊருக்குக் கொண்டுசெல்ல அரசின் இலவச அமரர் ஊர்தி உண்டு. குடும்பத்துக்கு அது தெரிந்திருக்கிறதா என்று சமூகப் பணியாளரிடம் கேளுங்கள்; பிற செலவுகளை அறக்கட்டளை பார்த்துக்கொள்ளும். அழைக்கப்பட்டாலன்றி ஊருக்குப் போக வேண்டாம்.

துயரப்படும் உறுப்பினரை அந்த வாரம் வசூலுக்கு அழைக்காதீர்கள். உறக்கமோ உணவோ இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் கல்லூரியின் ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள். தனியாகப் போகச் சொல்லாமல் கூடவே போங்கள். அணியை விட்டு விலகுகிறேன் என்று அவர் சொன்னால் காரணம் கேட்காமல் ஏற்றுக்கொண்டு, அவரிடம் இருக்கும் ரசீதுப் புத்தகத்தை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் பெயரைக் குழுவிலிருந்து நீக்க வேண்டாம். எங்களிடம் அப்படிப் போனவர்களில் இருவர், அடுத்த தீபாவளி விடுமுறைக்கான பிளேட்லெட் பட்டியலில் தம் பெயரைத் தாமே எழுதிவிட்டுப் போனார்கள்.